விரிசல் காட்டிய வடிவம்

சுவிட்சர்லாந்தில் ஷீர்ஸ் என்ற ஊருக்கு அருகே, ஆழமான ஒரு மலைப்பிளவின் குறுக்கே 1930இல் கட்டி முடிக்கப்பட்ட சால்கினாடோபல் பாலத்தின் படத்தை மாணவர்கள் பலர் பார்த்திருக்கக் கூடும். 90 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டும் அதன் மெலிந்த உருவத்தைக் கண்டு, அதனை அமைத்த ராபர்ட் மையார் என்ற பொறியாளரைச் சிற்பி என்றே போற்றுகிறார்கள். இப்புகழ்ச்சி பாதி உண்மைதான் என்பது என் கருத்து. அவ்வடிவத்தின் பிறப்பைத் தேடினால், வேறொரு பாலத்தில் 1903இல் கண்ட விரிசல்களில் போய் நிற்போம்.

அந்தப் பாலம் இன் ஆற்றின்மீது சுவோட்ஸ் என்ற ஊரில் 1901இல் மையார் அமைத்தது. அதுவரை கான்கிரீட் வளைவு என்றால், கல்லில் கட்டிய வளைவின் நகல்தான். வளைவு மட்டும் பாரம் சுமக்கும். பக்கச் சுவர்களும் சாலைத் தளமும் அதன்மேல் ஏறிய வெறும் சுமை. மையாரோ வளைவு, சுவர், தளம் மூன்றையும் இணைத்து, உள்ளே கூடான ஒரே பெட்டியாக்கினார். இரு கரைகளிலும் உச்சியிலுமாக மூன்று கீல்கள் வைத்தார். வெப்பத்தால் பாலம் விரிந்தாலும் குளிரால் சுருங்கினாலும் கீல்கள் சற்றே திரும்பி இடங்கொடுக்கும்.

இங்கேதான் இயற்பியல் வருகிறது. கதவை அதன் கீலில் வளைக்க முடியுமா? அது திரும்பிவிடும். அதுபோலப் பாலத்தின் கீல்களிலும் வளைக்கும் திருப்புத்திறன் சுழி. பாரம் பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் நிற்கும்போது, கரைக்கும் உச்சிக்கும் நடுவிலுள்ள பகுதியே அதிகம் வளைய முற்படும். ஆழம் தேவைப்படுவது அங்கே. சுவோட்ஸ் பாலத்திலோ சுவர் மிக உயரமாக இருந்தது கரையருகே, அதாவது வளைக்கும் விசை மிகக் குறைந்த இடத்தில்! விரிசல் விட்டதும் அந்தச் சுவர்களே. பாலம் விழவில்லை. எனவே, அச்சுவர் அங்கே தேவையில்லை என்று மையார் முடிவு செய்தார்.

வேறொருவராயின் கம்பியை அதிகமாக்கிச் சுவரைத் தடிப்பாக்கியிருப்பார். மையார், ரைன் ஆற்றின் மேற்பகுதியில் 1905இல் கட்டிய 51 மீட்டர் தவனாசா பாலத்தில் அந்தப் பகுதியை வெட்டியே எடுத்துவிட்டார். கரையில் கூர்ந்து, இடையில் பருத்து, உச்சியில் மெலியும் வடிவம் அப்படித்தான் வந்தது. சால்கினாடோபலின் மூலப்படி இதுதான். 1927இல் ஏற்பட்ட நிலச்சரிவு அதை அழித்துவிட்டதால், அதற்குரிய பெருமை கிட்டாமல் போயிற்று.

சால்கினாடோபலில் நான் பெரிதும் வியப்பது கட்டிய முறையை. ரிச்சர்ட் கோரே அமைத்த மரச்சாரம், மெல்லிய வளைவுப் பலகையை மட்டும் தாங்கினால் போதும். அது இறுகியபின் சுவர்களின் பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். சாரம் இலேசானது, செலவும் குறைந்தது.

குறைகளும் உண்டு. சாலைத் தளத்தின்கீழ் நீர்த்தடுப்பு போதாமல் கான்கிரீட் கெட்டு, 1997-98இல் பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. வடிவத்திலும் ஒரு குறை: உச்சியில் கீல் இருக்க, வளைவின் அடிப்புறம் அங்கே கல்வளைவைப் போல வழுவழுப்பாக ஓடுகிறது. அக்கீலில் இரு பாதிகளும் கோணமாகச் சந்திப்பதே நேர்மை. 1933இல் துர் ஆற்றின்மீது கட்டிய ஃபெல்செக் பாலத்தில் மையார் அப்படியே செய்தார்.