மேசைக்கணினிச் சட்டகங்களும் தமிழெழுத்தும்

கணினித் திரையிற் காணும் பொத்தான், பட்டியல், எழுதுபெட்டி ஆகியவற்றை நிரலாளர் ஒவ்வொருவரும் புதிதாய்ச் செய்வதில்லை. முன்னரே இயற்றப்பெற்ற நிரற்றொகுதிகளை எடுத்தாளுவர். அத்தொகுதியை நூலகம் என்றும், செயலியின் அமைப்பையே வகுத்துத் தருவதைச் சட்டகம் என்றும் கூறுவர். விரைவு, விலை என்பன கொண்டு இவற்றை மதிப்பிடுவோர் பலர். தமிழ் மாணவர்க்குக் கற்பிப்போன் மற்றுமோர் அளவுகோலைக் கொள்ளுதல் வேண்டும்: அது தமிழெழுத்தை எவ்வாறு நடத்துகின்றது?

1998 ஆம் ஆண்டில் வெளிவந்த விசுவல் பேசிக் 6 ஐ முதற்கண் நோக்குவாம். கற்றற்கு எளிது, தொடக்க மாணவனும் சின்னாளிற் படிவமொன்று அமைப்பான். அச்சிறப்பை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், அதன் உள்ளமைந்த பெட்டிகள் யுனிக்கோடைக் காட்ட மாட்டா. ஆகவே பாமினி போன்ற எழுத்துருக்களால் ஆங்கிலக் குறிகளின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தினர். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் அகரம் 'எம்' என்பதன் இடத்திலும் ககரம் 'எஃப்' என்பதன் இடத்திலும் உள்ளன. எனவே பெயர்களை வரிசைப்படுத்தின், கண்ணனுக்குப் பின்னரே அமுதா நிற்பாள். ஹட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் இத்தகைய புள்ளிப் பட்டியலைக் கையால் மீள அடுக்கியவன் யான். மேலும், குடும்பத்தின் அளவறியாது கட்டப்பெற்ற தோட்டத்து லயக் காம்பராவைப் போல, ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டியிலே நீண்ட தமிழ்ச்சொல் பாதி மறைந்து கிடக்கும்.

நோர்வேயிற் பிறந்த கியூட் நூலகம் 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பில் யுனிக்கோடைத் தழுவியது. 2002 இல் வந்த ஜி.டி.கே. இரண்டாம் பதிப்பு, பாங்கோ என்னும் நூலகத்தைத் துணைக்கொண்டது. 'கொ' என்பதை நோக்குக: நினைவகத்திற் ககரத்தின் பின்னரே ஒகரக்குறி, திரையிலோ அக்குறி பிரிந்து ககரத்தின் இருமருங்கும் நிற்கும். இப்பணியை இன்று கியூட், பாங்கோ இரண்டும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையாற் செய்கின்றன. சொல் நீளின் பெட்டியும் நீளுமாறு அமைக்கவும் வழியுண்டு. ஆயினும் குறையில்லை எனல் ஆகாது. யுனிக்கோட்டுக் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின், நெடுங்கணக்கு முறைக்குத் தனி வரிசைவிதியையும் நிரலாளர் நாடல் வேண்டும்.

2013 இல் தோன்றிய எலக்ட்ரான், குரோமியம் உலாவியை உள்ளடக்கியது. தமிழைச் செவ்வனே காட்டும். ஆயின், செயலிதோறும் ஓர் உலாவியைச் சுமந்து வருதலின் நினைவகத்தைப் பெரிதும் விழுங்கும். பழைய கணினி ஒன்றிரண்டே உள்ள தோட்டப் பாடசாலைக்கு அஃது பெருஞ்சுமை.

ஆதலின் நம் சூழலுக்குக் கியூட், ஜி.டி.கே. ஆகியனவே ஏற்றன என்பது எம் துணிபு. செயலி செய்யப் புகும் மாணவர் எதனைத் தெரியினும், முதலில் 'கொ' என எழுதிப் பார்க்க. பின்னர் அமுதாவையும் கண்ணனையும் வரிசைப்படுத்திப் பார்க்க. தன் பெயர் சிதையாமலும் இடம் மாறாமலும் பட்டியலில் நிற்றல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையன்றோ?