இரட்டைக் கொம்பு தெரிய வேண்டும்: இணையத் தமிழின் எழுத்துருக்கள் பற்றி

மும்பையில் வளரும் என் பேத்தி இந்தியைக் கடகடவென்று படிப்பாள். ஆங்கிலம் அதைவிட வேகம். தமிழ் மட்டும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மொழி. ஒருநாள் சிறுவர் கதைத் தளம் ஒன்றைத் திறந்து கொடுத்து, "படிம்மா, கேக்கறேன்" என்றேன். "கரடி தென் எடுக்க மரத்தில் ஏறியது" என்று படித்துவிட்டு, "தென் எடுக்கறதுன்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் பார்த்தேன். 'தேன்' என்பதில் இரட்டைக் கொம்பின் சுழி அடைந்துபோய், ஒற்றையா இரட்டையா என்று எனக்கே சந்தேகம். எனக்குக் கரடியையும் தெரியும், தேனையும் தெரியும்; ஊகித்துப் படித்துவிட்டேன். அவளுக்கு ஊகிக்க வழியில்லை. தவறு குழந்தையுடையது அல்ல, அந்தப் பக்கத்தைக் கோத்தவருடையது.

தளம் நடத்தும் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அங்கிள், தமிழ் ஒழுங்கா தெரியுதே, அது போதாதா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் தமிழ்த் தளம் என்றாலே தளத்துக்கு ஒரு குறியேற்றம், அதற்கென்று ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். ஒருங்குறி பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் அன்று பிறந்த 'தெரிந்தால் போதும்' என்ற மனநிலை மட்டும் தீரவில்லை. தெரிவது வேறு, படிப்பது வேறு. இன்றைய தமிழ்த் தளங்களைப் பற்றி என் விமரிசனம் இந்த ஒன்றுதான்.

அந்தச் சுழியின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். தொல்காப்பியம் காட்டும் முறைப்படி எ, ஒ என்னும் குறில்களுக்குப் புள்ளி உண்டு, நெடில்களுக்கு இல்லை. ஏடு எழுதியவர்கள் ஓலையில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எது குறில், எது நெடில் என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பைக் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார் என்பது மரபு. அவர் சேர்த்த சுழியை நாம் திரையில் 12 பிக்சலில் போட்டு மறுபடி அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் இவ்வளவு சின்ன எழுத்து? பெரும்பாலும் தளத்தின் வார்ப்புரு ஆங்கிலத்துக்கென்று செய்யப்பட்டது. அதே அளவில் தமிழைக் கொட்டிவிடுகிறார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு இரண்டு மூன்று கோடுகள் போதும். நம்முடைய ண, ஞ, ழ, இ ஆகியவை அதே உயரத்துக்குள் இத்தனை வளைவும் சுழியும் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இடம் வேண்டாமா? தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. தாள் ஏராளமாகச் செலவாயிற்று. அதனால் பிறகு சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அவர்களுக்குத் தாளின் விலை ஒரு காரணம். திரைக்குத் தாள் செலவு கிடையாது. பக்கம் இரண்டு விரல் நீண்டால் யாருக்கும் காசு போகாது. ஆகவே உடல் எழுத்து 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம் என்பேன். குழந்தைகளுக்கு இன்னும் பெரிதாக, 22 வரை போகலாம்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழ் மேலேயும் வளரும், கீழேயும் வளரும். மேலே புள்ளியும் விசிறியும். கீழே ழு, மூ, ஞ இவற்றின் வால்கள். நெருக்கிப் போட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியை இடிக்கும். புள்ளி மறைந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும். எழுத்தளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் கொடுத்துப் பாருங்கள். பக்கம் மூச்சு விடும்.

மூன்றாவது, இருபுறமும் ஓரம் நறுக்கிய பத்தி. அச்சுப் புத்தகம்போல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுச் செய்கிறார்கள். அச்சில் தமிழ்ச் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, சிறுகோடுகூட இல்லாமல் அடுத்த வரிக்குத் தள்ளுவது வழக்கம். அதனால் ஓரம் அழகாக வந்தது. உலாவி பொதுவாக அப்படி உடைப்பதில்லை. கைப்பேசித் திரையில் 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரி. அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் ஆறே ஓடுகிறது. இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலது ஓரத்தை விட்டுவிடுவதே நல்லது. 2008இல் வெளியான உலகளாவிய வலை அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பும், அதன் உயர்ந்த தரத்துக்கு, பத்தியை இருபுறமும் நறுக்க வேண்டாம், வரி இடைவெளி குறைந்தது ஒன்றரையாக இருக்கட்டும் என்றே சொல்கிறது. பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் உண்டு. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம். எழுபது வயதுக் கண்ணுக்கு அது வெறும் புகை.

பொய்த் தடிமன் என்று ஒன்று உண்டு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது, உலாவி மெலிந்த எழுத்தையே பூசிப் பெருக்கித் தரும். சுழிகள் எல்லாம் அடைபடும். சாய்வும் அப்படியே: ஆங்கிலத்தில் நூற்பெயரைச் சாய்ப்பதைப் பார்த்துத் தமிழையும் சாய்க்கிறார்கள்; எழுத்து காற்றில் அடிபட்டதுபோல் நிற்கிறது. ஒற்றை மேற்கோள் குறி போதுமே.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்று குறையில்லை. கட்டணமில்லாமல், திறந்த உரிமத்தில் நல்லவை கிடைக்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழில் தடிப்பும் மெலிவும் மாறி வருவதால் புத்தக வாசனை உண்டு. நீண்ட கட்டுரைக்குப் பொருந்தும், ஆனால் சிறிய அளவில் மெல்லிய கோடுகள் தளர்ந்துவிடும். பலூ தம்பி குண்டுக் குழந்தைபோல் தலைப்பில் அழகு. பத்தி முழுக்கப் போட்டால் திகட்டும். கட்டுமரத்தின் பெயர் தாங்கிய கேட்டமரான், மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் வருகிறது. பொய்த் தடிமனுக்கு வேலையே இல்லை.

நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது முக்தா மலர். இதைச் செய்த எக் டைப் குழு இந்த மும்பையைச் சேர்ந்ததுதான். முக்தா குடும்பத்தில் தேவநாகரி, குஜராத்தி, குர்முகி, ஆங்கிலம் எல்லாம் ஒரே கையெழுத்தின் சாயலில் உண்டு. சங்கத்தின் அறிவிப்பில் தமிழும் மராத்தியும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரியாது. ஆங்கில எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டுத் தமிழை விட்டுவிட்டால், கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்; நம் வீட்டில் ஒரு தோற்றம், பக்கத்து வீட்டில் வேறு தோற்றம். தமிழுக்கென்று ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். தென், தேன், கொள், கோள், சரம், சாரம், பல, பல் என்று எட்டுச் சொற்களை அந்தத் தளத்தின் அளவிலேயே போட்டு, மலிவான கைப்பேசி ஒன்றில் திறங்கள். வீட்டில் தமிழ் கற்கும் குழந்தையிடமும் பெரியவர் ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சுழி தெரிகிறதா, ர-வின் கீழ்ச் சாய்கோடு துணைக்காலிலிருந்து பிரிந்து நிற்கிறதா, புள்ளி புள்ளியாக இருக்கிறதா? இருவரும் தடுக்காமல் படித்தால் தளம் தேறியது.

சென்னையில் இருக்கும் பிள்ளைக்குப் பேருந்துப் பலகை, கடைப் பெயர், சுவரொட்டி என்று தெருவே பாடப்புத்தகம். திரையில் ஒரு சொல் மங்கினால் தெரு அதைச் சரிசெய்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு இல்லை. பல வீடுகளில் திரைதான் தெரு. அங்கே நாலு வரி தடுக்கினால் 'தமிழ் கஷ்டம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு நாம் விழா எடுத்து வருந்திப் பயனில்லை.

அன்று மாலை அதே கதையைப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, நானே தட்டச்சு செய்து பேத்தியிடம் கொடுத்தேன். "ஓ, தேனா!" என்று சிரித்தாள். அடுத்த பக்கத்தை நான் கேட்கவில்லை, அவளே படித்தாள்.