குறுகிய பணமும் நம் வாசிப்பு மரபும்

நம் சங்கத்து மூத்தோர் கட்டிக்காத்த ஒரு மரபைப் பற்றி எழுதக் கிடைத்தது என் பேறு. பண அளவுக் கோட்பாட்டில் ஃபிஷர் வழியையும், மார்ஷல், பிகூ வழிவந்த கேம்பிரிட்ஜ் மரபையும் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் 1963இல் தந்த பெருநூலுக்குப் பின் சிகாகோ பக்கம் சாய்ந்தவர்களும், கெய்ன்ஸை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் நம் கூட்டங்களில் விடிய விடிய வாதிட்டதுண்டு. எந்தக் கட்சியாயினும், எம்1 என்னும் குறுகிய பண அட்டவணையை அடிக்குறிப்பு வரை படிக்காமல் அன்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

என் ஆசிரியர் எந்தப் பக்கமும் முழுதாகச் சேரவில்லை. 1985இல் சக்கரவர்த்தி குழுவின் அறிக்கை வந்து, கால வைப்பும் சேர்ந்த எம்3 வளர்ச்சிக்கு இலக்கு வைக்கும் காலம் தொடங்கியபோது பலர் எம்1ஐக் கைவிட்டார்கள். அவர் விடவில்லை. கால வைப்பு மக்களின் சேமிப்பைச் சொல்லும். நாளைக்கே செலவாகக் காத்திருக்கும் பணத்தை ரொக்கமும் கேட்பு வைப்பும்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. ரிசர்வ் வங்கியின் இருவாரப் புள்ளிவிவரம் வந்ததும் எங்களைப் பேரேட்டில் கையால் பதியச் சொல்வார். அதை முந்தைய இருவாரத்தோடு ஒப்பிட்டுப் பேசினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். தீபாவளிக்கு முன் ரொக்கம் ஏறும், மார்ச் 31இல் வங்கி வைப்பு வீங்கும். ஆகவே போன ஆண்டின் அதே பருவத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அவர் அதிகம் வற்புறுத்தியது சேமிப்புக் கணக்கைப் பற்றித்தான். நம் நாட்டில் அது முழுதாக எம்1இல் சேராது. அரையாண்டில் மாதந்தோறும் இருந்த குறைந்தபட்ச இருப்பின் சராசரியை வங்கிகள் கால வைப்பாக வைத்து, அதற்கு மேற்பட்டதை மட்டுமே கேட்பு வைப்பாகக் காட்டும். செப்டம்பர் 30, மார்ச் 31 நிலவரப்படி இந்தப் பங்கீடு நடக்கும்.

இதை அறிந்தவர்களுக்கே 2016 புரிந்தது. நவம்பர் 8இல் செல்லாது என அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகள், மதிப்பில் புழக்கத்திலிருந்த பணத்தில் சுமார் 86 விழுக்காடு. சில வாரங்களில் மக்கள் கையிலிருந்த ரொக்கம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. வங்கிக்குப் போன பணம் எம்3க்குள்ளேயே இருந்ததால் எம்3 பெரிதாக அசையவில்லை. சேமிப்புக் கணக்கில் விழுந்ததில் ஒரு பங்கு கால வைப்பாகிவிட்டதால் எம்1 சரிந்தது. அந்தச் சரிவை அப்படியே உற்பத்திச் சரிவாகப் படிப்பது தவறு. ஆனால் சந்தைக் கடைக்காரர் கையில் கொள்முதலுக்குப் பணம் இல்லை என்பதை எம்1தான் சொல்லிற்று.



இன்றைய நிலையைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. யாரையும் சுட்டவில்லை, இப்போது எழுதுபவர்களில் உழைப்பாளிகள் உண்டு, நம் உறுப்பினர்களின் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அடிக்குறிப்பைப் படிப்பவர் எங்கே? 2020 ஏப்ரலில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ், சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் ஆறு முறைக்கு மேல் பணம் மாற்றக் கூடாதென்ற வரம்பை நீக்கிற்று. மே மாதக் கணக்கிலிருந்து சேமிப்பு வைப்பும் எம்1இல் சேர்ந்தது. 5 இலட்சம் கோடி டாலருக்குள் இருந்த எம்1, ஒரே தாவலில் 16 இலட்சம் கோடியைக் கடந்தது. வரையறை மாறியதால் வந்த ஏற்றம் இது. இதையே ஒரே மாதத்தில் அச்சடித்த பணம் என்று மேடையில் சொல்கிறார்கள், வரைபடமும் காட்டுகிறார்கள், கைதட்டலும் விழுகிறது. தற்காலிகப் புள்ளியைத் திருத்திய புள்ளியோடு ஒப்பிடுகிறார்கள். எம்1 என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றே என்று எண்ணுகிறார்கள். இதே வேகத்தில் போனால் அட்டவணை படிக்கத் தெரிந்த ஒருவரும் இந்நாட்டில் மிஞ்சமாட்டார் என்றே அஞ்சுகிறேன். கல்லூரிகளில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. பத்திரிகைகளில் திருத்த ஆளில்லை. கேட்டுக் கோபப்படவும் ஆளில்லை.

ஆசிரியரின் பேரேடுகள் நம் சங்க நூலகத்தில் இருக்கின்றன. புதிய உறுப்பினர் வகுப்பின் முதல் மாதம் முழுவதும் அவற்றையும் ரிசர்வ் வங்கி அட்டவணையின் அடிக்குறிப்புகளையும் மட்டுமே படிக்கக் கொடுக்கும்படி செயற்குழுவைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வகுப்பெடுக்க நான் வருகிறேன்.