தாயகம் திரும்பியவர்களும் முகாம்காரர்களும்: ஒப்பீட்டில் எங்கே தப்பு?

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி குன்றத்தூர் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். காண்டிராக்டர் அனுப்பிய மூன்று பேரில் ஒரு பையன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் மேஜைப் பக்கம் வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஜாவாவா சார்?"

"ஆமாம் தம்பி. தெரியுமா?"

"நானும் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சார். கும்மிடிப்பூண்டி முகாம்."

நானும் பி.இ.தான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. அடுத்த நாள் அவன் வரவில்லை. முகாமில் பெயர் சரிபார்க்கும் நாளாம்.

சாயங்காலம் இதை எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம். "இவங்க உதவித்தொகை வாங்கிப் பழகிட்டாங்க சார். அந்தக் காலத்துல சிலோன்லேர்ந்து வந்தவங்க அப்படி இல்ல. ஊட்டி, கூடலூர்னு மலையில போய் உழைச்சுப் பொழைச்சுக்கிட்டாங்க."

டீக்கடைப் பேச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் குடியேறியவர்களைப் பற்றிய பல ஆங்கிலக் கட்டுரைகளும் இதே வேலையைத்தான் நாகரிகமாகச் செய்கின்றன. இரண்டு சமூகம், இரண்டு பத்தி. வருமானம், படிப்பு, சொந்த வீடு என்று வரிசை வரிசையாக நிரப்பி, கடைசியில் 'இவர்கள் ஏன் அவர்களைப் போல இல்லை?' என்று ஒரு கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். அதில் என்ன தப்பு என்று புரிய எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

அமெரிக்க உதாரணம்

அமெரிக்காவில் இந்த மாதிரி அடிக்கடி ஒப்பிடப்படுகிறவர்கள் மெக்சிகோக்காரர்களும் எல் சால்வடோர்காரர்களும். ரெண்டு பேரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். கட்டட வேலை, ஓட்டல் சமையலறை, வீட்டுவேலை என்று பார்க்கும் வேலைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெக்சிகோக்காரர்கள் கூலிக்காக வந்தவர்கள். 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' என்ற திட்டத்தில் அமெரிக்க அரசே பண்ணைகளுக்கு ஆள் எடுத்தது. சால்வடோர்காரர்கள் 1980-ல் தொடங்கி 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள்.

'கூலிக்கு வந்தவன், உயிருக்குப் பயந்து வந்தவன்' என்று இதைப் பிரித்துவிட்டால் கதை முடிந்த மாதிரி தெரியும். முடியவில்லை. 1986-ல் அமெரிக்கா ஒரு பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து அங்கே இருப்பதாகக் காட்ட முடிந்தவர்களுக்கும், பண்ணை வேலை பார்த்தவர்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு. மொத்தம் சுமார் 27 லட்சம் பேர் பயன் பெற்றார்கள், பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். சால்வடோர்காரர்களில் பெரும்பகுதி அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள். தஞ்சம் கேட்டாலும் எண்பதுகளின் நடுவில் அவர்களுடைய மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை. எல் சால்வடோர் அரசு அமெரிக்காவின் கூட்டாளி, அங்கிருந்து அகதி வருகிறான் என்று ஒப்புக்கொள்வது சங்கடம். 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தார்கள். பெரும்பாலும் 18 மாசத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பு. அதிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

செசிலியா மென்ஹிவார் என்ற சமூகவியலாளர் இந்த நிலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். சட்டத்துக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, வாசற்படியிலேயே நிற்கும் வாழ்க்கை. அவர் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இந்த நிலை வேலையோடு நிற்பதில்லை என்பதுதான். குடும்பம், சொந்தபந்தம், கோயில் வரைக்கும் எல்லாவற்றையும் அது மாற்றுகிறது. 18 மாசத்துக்கு மேல் யோசிக்க முடியாதவன் எதை நம்பிக் கடை போடுவான்?

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பெரியவர் சொன்ன 'அந்தக் காலத்து சிலோன்காரர்கள்' மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, மறுவாழ்வு உதவி என்ன என்று எழுதிய குடும்ப அட்டை இருந்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் இவர்களுக்காகவே அரசு தேயிலை பயிரிட்டது. 1968-ல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி 1976-ல் டான்டீ என்ற கழகமானது அதுதான். கர்நாடகத்தில் சுள்யா பக்கமும் கேரளத்தில் புனலூரிலும் ரப்பர் தோட்டங்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969-ல் ஆரம்பித்ததுதான் ரெப்கோ வங்கி.

ரெண்டாவது பத்தி, முகாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள். 1987 வரையிலான முதல் அலையில் மட்டும் 1,34,000 பேர். மொத்தமாகப் பார்த்தால் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்து, பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பியோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்கள். இன்றும் நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். போலீசில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர்கள் தனி. நம்ம வளசரவாக்கம், போரூர் பக்கமே பார்க்கலாம்.

பெரியவர் சொன்ன உதவித்தொகையையும் கணக்குப் போட்டுவிடுவோம். 2021-ல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. நாலு பேர் குடும்பத்துக்கு 3,500. நான் பெயின்டருக்குக் கொடுத்த கூலியில் அது நாலு நாள் சம்பளம். இதை நம்பி யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. உட்கார்ந்திருந்தால் என் வீட்டுச் சுவர் இன்னும் பழைய கலரில்தான் இருக்கும்.

தப்பு இங்கேதான்

இரண்டு பத்தியை நிரப்பும்போது ஒரு விஷயம் இடித்தது. முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இல்லை. அவர்களும் மலையகத் தமிழர்கள்தான்.

நடந்தது இது. 1977 கலவரத்தில் தோட்டங்களில் அடிபட்ட குடும்பங்கள் பல, தமிழர் அதிகம் இருக்கும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. அங்கே போர் வந்தது. 1984-ல் ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருந்தவர்களே 80,000-க்கு மேல் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு உயிர் பிழைக்க வேண்டும் என்றால் படகுதான் வழி.

அதாவது ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே தாத்தா. அண்ணன் 1975-ல் கப்பலில் வந்தால் 'தாயகம் திரும்பியவர்', இந்தியக் குடிமகன். தம்பி 1985-ல் படகில் வந்தால் அகதி. சட்டத்தின் பாஷையில் 'சட்டவிரோதக் குடியேறி'. இலங்கையில் இவர்களைத் திட்ட 'கள்ளத்தோணி' என்று ஒரு வார்த்தை இருந்தது. தாத்தாவுடைய நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த வார்த்தை நிஜமாகவே ஒட்டிக்கொண்டது.

என் தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. சரித்திரம் இங்கே கிட்டத்தட்ட அதைச் செய்து காட்டியிருக்கிறது. முழுக்கச் சரியான சோதனை என்று சொல்ல மாட்டேன், பத்து வருஷமும் ஒரு போரும் நடுவில் இருக்கின்றன. ஆனாலும் அண்ணன் 'உழைப்பாளிச் சமூகம்', தம்பி 'சோம்பேறிச் சமூகம்' என்று பேச இனி இடம் இல்லை. மாறியது வந்து இறங்கிய தேதியும் கையில் இருந்த காகிதமும்தான். அமெரிக்காவில் 1982 ஜனவரி 1 செய்ததை இங்கே கப்பல் நின்ற 1984 செய்தது.

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2003-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, அங்கே நாடில்லாமல் நின்ற மலையகத் தமிழர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அதே 2003-ல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால், இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் வழி விட்டது, இலங்கையை விட்டுவிட்டது. அதே வருஷம் ஜூன் மாசம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, முகாமில் இருக்கும் இந்திய வம்சாவளியினரின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன்பு முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024-ல் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதை நிரூபிக்க அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

என் வாதத்துக்கே ஒரு எதிர்வாதம்

இங்கேயே நிறுத்தினால் நானும் ஒரு சுலபமான கதையைச் சொன்னவன் ஆவேன். காகிதம் கிடைத்த அண்ணன் நன்றாக இருக்கிறாரா?

பெரியவர் சொன்ன 'பொழைச்சுக்கிட்டாங்க' என்பதை நீலகிரியில் போய்ச் சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளிக்குச் சிறு வியாபாரக் கடன் கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்று அனுப்பினார்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்தவருக்குக் கல்லாப்பெட்டி தெரியுமா? கடன் கரைந்தது. தெரிந்த வேலையைத் தேடி மலை ஏறினார்கள். கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் இவர்களில் உண்டு. டான்டீயில் வேலை கிடைத்தவர்களுக்கு வீடு இருந்தது, ஆனால் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நஷ்டத்தில் ஓடும் டான்டீ தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பித் தர, 2022-ல் அரசு உத்தரவு போட்டது. அரை நூற்றாண்டு தேயிலை பறித்த குடும்பங்கள் மறுபடியும் 'இனி எங்கே?' என்று கேட்கும் நிலை. கையில் குடியுரிமை உண்டு, காலுக்குக் கீழே சொந்த மண் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் கதை தனி.

முகாமில் நடந்தது வேறு. மண் இல்லை, காகிதமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் இருந்தது. 1984-ல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆரம்பத்திலிருந்தே படிப்பில் கண்ணாக இருந்தது. அரசுப் பள்ளிகளும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. 1991-ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு கல்லூரிக் கதவு சில வருஷம் சாத்தப்பட்டு, மறுபடி திறந்தது. அதனால்தான் முகாமில் பி.இ. முடித்த பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் கம்பெனிக்குப் போனால் பின்னணிச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். அது எங்கள் துறையில் சகஜம், நானே ஆட்களை எடுக்கும்போது கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். யார் அங்கே நிற்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆக, ஒரு பக்கம் காகிதம் இருந்தும் படிப்பும் நிலமும் எட்டவில்லை. இன்னொரு பக்கம் படிப்பு இருந்தும் காகிதம் இல்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஏன் முன்னேறவில்லை என்று அவர்களையே கேட்கிறோம்.

'அப்ப கனடா போனவங்க மட்டும் எப்படி?' என்று அடுத்த கேள்வி வரும். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்த 155 தமிழர்களைக் கனடா உள்ளே விட்டது, வேலை செய்ய அனுமதித்தது. இன்று அந்த நாட்டு அமைச்சரவையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் இருக்கிறார். காகிதத்தின் பலம் அதில் தெரிகிறது. ஆனால் கனடா வரை போகக் காசு வேண்டும். அது இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். டொராண்டோவையும் கும்மிடிப்பூண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர்கள் இந்த வடிகட்டலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. புது வீடுகளும் கட்டுகிறார்கள். 2025-ல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் குற்றவாளி இல்லை என்பது வேறு, குடிமகன் என்பது வேறு.

என் எக்செல் ஷீட்டில் இப்போது 'சமூகம்' என்ற தலைப்பு இல்லை. அதை அழித்துவிட்டு நாலு தலைப்பு போட்டிருக்கிறேன்: வந்த தேதி, கையில் இருந்த காகிதம், கிடைத்த நிலம், படிக்க விட்டார்களா. மெக்சிகோவோ எல் சால்வடோரோ, கூடலூரோ கும்மிடிப்பூண்டியோ, முதலில் இந்த நாலையும் நிரப்பிவிட்டு அப்புறம் சோம்பேறி, உழைப்பாளி என்று பேசலாம். நிரப்பி முடித்த பிறகு அப்படிப் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது என்பது என் அனுபவம்.

அந்தப் பையன் மூன்றாம் நாள் வந்து மிச்ச வேலையை முடித்தான். போகும்போது ஆன்லைனில் எதைப் படித்தால் நல்லது என்று கேட்டான். இரண்டு மூன்று பாடங்களைச் சொன்னேன். எந்தப் பாடமும் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.