சோதனை வைப்பவள்: லேடாங் இளவரசியும் நாயகப் பயணச் சட்டகமும்

ஜொகூரின் தங்காக் மாவட்டத்தில் 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது குனோங் லேடாங். அந்த மலையில் வாழும் இளவரசியைப் பெண் கேட்டு மலாக்கா சுல்தான் தூது அனுப்பியதும், யாராலும் கொடுக்க முடியாத பரிசத்தை அவள் கேட்டதும் மலேசியாவில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த கதை. 2004-இல் சாவ் தியோங் ஹின் இயக்கத்தில் அது திரைப்படமாக வந்தது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் இசை நாடகமாக மேடையேறியது. படத்தில் இளவரசியாக நடித்த தியாரா ஜக்குலினாவே மேடையிலும் இளவரசி குஸ்தி புத்ரி ஆனார். இசையமைத்தவர் சிங்கப்பூரின் டிக் லீ.

இப்படியொரு படைப்பு நாடகப் பட்டறைக்கோ கல்லூரி ஆய்வேட்டுக்கோ பொருளானால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஜோசப் கேம்பலின் ‘நாயகப் பயண’ வட்டத்தை வரைவார்கள். முதன்மைப் பாத்திரம் எந்தப் படியில் எப்போது கால் வைக்கிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். எல்லாப் படிக்கும் ஒரு காட்சி கிடைத்தால் நாடகம் தேறியது. கிடைக்காவிட்டால் பாத்திர வார்ப்பில் குறை. இந்த வழக்கத்தின் லாப நட்டத்தை எடைபோட லேடாங் இளவரசியைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பாதி தூரம் அவள் அந்த வட்டத்தில் பிசகாமல் நடக்கிறாள். மீதி தூரத்தில் வட்டத்தையே உடைக்கிறாள்.

உலகத் தொன்மங்களுக்கெல்லாம் எலும்புக்கூடு ஒன்றே என்று கேம்பல் 1949-இல் வெளியிட்ட ‘ஆயிரம் முகம் கொண்ட நாயகன்’ நூலில் வாதிட்டார். பழகிய உலகை விட்டுப் புறப்படுதல், அறியாத உலகில் சோதனைகளைத் தாண்டுதல், பெற்ற வரத்தோடு ஊர் திரும்புதல் ஆகிய மூன்று கட்டங்களை 17 படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு இந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். 1980களில் டிஸ்னியில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் வோக்லர் அதைச் சில பக்கக் குறிப்பாகச் சுருக்கி, 1992-இல் 12 படிகள் கொண்ட கையேடாக வெளியிட்டார். தொன்மங்களை விளக்க எழுந்த கருத்து கதை எழுதுவோருக்கான விதியாக மாறியது இந்த வழியில்தான்.

இசை நாடகத்துக்கு அந்த விதி எளிதில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிராட்வே மரபில் முதன்மைப் பாத்திரம் தொடக்கத்திலேயே தன் ஆசையைப் பாடிவிட வேண்டும். இடைவேளைக்கு முன்னால் மீள முடியாத ஒரு முடிவை எடுக்க வேண்டும். 2003-இல் வந்த ‘விக்கெட்’ நாடகத்தில் நாயகி எல்ஃபபா வானில் எழும்போதுதான் முதல் பாதி முடிகிறது. அழைப்பு, வாசலைக் கடத்தல் என்று கேம்பல் பெயரிட்ட இடங்களும் பாட்டு வெடிக்கும் இடங்களும் பல நாடகங்களில் ஒன்றாகவே அமைகின்றன.

குஸ்தி புத்ரியிடம் இது நன்றாகவே பொருந்துகிறது. ஜாவாவின் மஜாபாஹித் அரசில் இளவரசியான அவள், மலாக்காவின் கடற்படைத் தலைவன் ஹங் துவா மீது காதல் கொள்கிறாள். அரண்மனையை விட்டு, கடல் கடந்து லேடாங் மலைக்கு வருகிறாள். பழகிய உலகம், அழைப்பு, வாசல், புதிய உலகம் என்று நான்கு படிகளும் வரிசையாக விழுகின்றன. இதையே பழைய நூலோடு வைத்துப் பார்த்தால் சட்டகத்தின் உண்மையான பயன் தெரியும். ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக, இருந்த துன் ஸ்ரீ லானாங்கோடு இணைத்துப் பேசப்படும், 1612-ஆம் ஆண்டைத் தன் முன்னுரையில் சுட்டும் ‘செஜாரா மலாயு’வில் இளவரசிக்கு இப்படியொரு கடந்த காலம் இல்லை. காதலும் இல்லை. அவள் மலையில் இருக்கிறாள், அவ்வளவுதான். தூதுக் குழுவில் துவா இருந்தாலும் உச்சிவரை ஏறுபவர் அதே குழுவிலிருந்த துன் மாமாட். திரையும் மேடையும் அவளுக்கு ஒரு புறப்பாட்டைக் கொடுத்தன, துவாவைக் காதலனாக்கின. தழுவியவர்கள் எங்கே கைவைத்தார்கள் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவிகள் திறனாய்வில் அதிகமில்லை. ஒரே கதையின் இரு வடிவங்களை ஒப்பிட இந்த வட்டம் கைகொடுக்கும்.

ஆனால் வட்டத்தை வரையும் முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: நடுவில் யாரை வைப்பது? துவாவை வைத்துப் பாருங்கள். தான் காதலித்த பெண்ணைத் தன் அரசனுக்காகப் பெண் கேட்கப் போகும் வீரன் அவன். அழைப்பு, தயக்கம், மலையேற்றம், உள்ளம் கிழியும் சோதனை எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். உடனே இளவரசி அவன் பயணத்தின் பரிசாகவோ மயக்கமாகவோ சுருங்கிவிடுகிறாள். கேம்பலின் படிகளில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களே தேவியைச் சந்தித்தல், மயக்குபவளைத் தாண்டுதல் என்பவைதாம்.

அடுத்து, பெண் கேட்ட மலாக்கா சுல்தான் மாமூட்டை வைத்துப் பாருங்கள். ‘செஜாரா மலாயு’வில் அவன் ஆசை வெறும் காமம் அல்ல. அரசகுமாரிகளை எந்த அரசனும் மணக்கலாம். வேறு எந்த அரசனுக்கும் வாய்க்காதது தனக்கு வேண்டும் என்பது அவன் பேச்சு. பதிலுக்கு வரும் பட்டியல் கடுமையானது. மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம். ஏழு தட்டுக் கொசு ஈரல், ஏழு தட்டுச் சிற்றுயிர்களின் ஈரல். ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு. கடைசியில் அரசனின் இரத்தமும் அவன் மகன் ராஜா அகமதுவின் இரத்தமும் ஆளுக்கொரு கிண்ணம். மற்றதையெல்லாம் தரலாம், மகனின் இரத்தத்தைத் தர மனம் வராது என்று சுல்தான் பின்வாங்குகிறான். சட்டகத்தின் கணக்கில் அவன் உச்சச் சோதனையில் தோற்ற நாயகன். மனிதனாகப் பார்த்தால் அந்தத் தோல்வியே அவன் வாழ்வின் சிறந்த கணம். 1511-இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்கா விழுந்தபின், அதே மகன் தந்தையின் ஆணையாலேயே கொல்லப்பட்டதாக அதே நூல் பின்னால் சொல்கிறது. ஒரு கதையை வட்டமாக மூடிவிடும் சட்டகத்துக்கு, பல பக்கம் தள்ளி வந்து அறையும் இந்த முரண் அகப்படாது.

இளவரசியை நடுவில் வைத்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. நாயகப் பயணத்தின் நடுப்பகுதியே சோதனைகளின் பாதை. நடக்க முடியாத வேலைகள் நாயகன் தலையில் சுமத்தப்படும். ஏதோ ஓர் அருளால் அவன் முடிப்பான். இதற்குத் தமிழில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரம்’ நேர் எடுத்துக்காட்டு. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த இசை நாடகத்தில் பண்ணையாரான வேதியர், நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுத்தான் நந்தன் சிதம்பரம் போகலாம் என்கிறார். இறையருளால் அது ஓர் இரவில் முடிகிறது. பெரியபுராணத்தில் இல்லாத அந்த வேதியரைப் பாரதியார் தாமே படைத்தார். வாசலை மறிக்கும் காவலன் இல்லாமல் மேடையில் பயணம் சூடு பிடிக்காது என்பது கேம்பல் பிறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டகத்தில் ஏதோ உண்மை இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே நாடகத்தில்தான் சட்டகத்தின் ஆபத்தும் வெளிப்படுகிறது. நந்தன் தீயில் இறங்குவதை ‘சோதனை’ என்றும், இறைவனோடு கலப்பதை ‘உயர்நிலை’ என்றும் குறித்தால் கட்டங்கள் நிறைந்துவிடும். ஒரு பறையர் கோயிலுக்குள் போக ஏன் தீயில் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் கட்டம் இல்லை. சாதி விதித்த கொடுமையை, நாயகன் பக்குவப்படுவதற்குத் தேவையான ஒரு படியாக மாற்றிவிடுகிறது இந்த வாசிப்பு.

லேடாங் கதையில் சோதனையின் திசையே வேறு. நடக்க முடியாத வேலையை வைப்பவள் நாயகி. தலையில் ஏற்றுக்கொள்பவன் அரசன். நேரடியாக மறுத்தால் மலாக்காவின் படை வரும். அதனால் மறுப்பைப் பரிசமாக மாற்றுகிறாள். அவளுடைய அறிவும் ஆற்றலும் உச்சம் தொடும் இந்த இடத்தில் அவள் எந்தப் படியிலும் ஏறுவதில்லை, எந்த வாசலையும் கடப்பதில்லை. சட்டகம் அவளைத் தேடிக் களைத்து, சுல்தான் பக்கம் திரும்பிவிடுகிறது.

தமிழ் நாடக மேடைக்கு இந்த நிலை புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தை விட்டு எங்கும் போவதில்லை, வருபவர்கள்தாம் வருகிறார்கள். முருகன் கிழவனாக வேடமிட்டு அவளை அடையப் பார்க்கிறான். லேடாங்கில் கிழவியாகத் தோன்றி நிபந்தனை சொன்னது இளவரசியேதான் என்பது வழக்கு. அங்கே முதுமை வேடம் கேட்பவனின் தந்திரம், இங்கே மறுப்பவளின் கவசம். இரண்டு மலைப்பெண்களையும் அளக்கப் பயணம் உதவாது. அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதுதான் அளவுகோல்.

பெண் பாத்திரங்களுக்கு வட்டம் பொருந்தாததை மேற்கிலேயே கவனித்திருக்கிறார்கள். ‘நாயகியின் பயணம்’ என்ற நூலை 1990-இல் எழுதிய மோரின் மர்டாக், இதைக் கேம்பலிடமே கேட்டார். பெண் பயணம் போகத் தேவையில்லை, மற்றவர்கள் சேர முயலும் இடமே அவள்தான் என்ற பொருளில் பதில் வந்ததாக எழுதுகிறார். லேடாங் இளவரசியை மலையோடு மலையாக எண்ணிப் பழகிய நமக்கு இந்தப் பதிலின் வசதியும் அநீதியும் ஒருங்கே புரியும். மர்டாக் வரைந்த மாற்று வட்டமும் முழு விடை அல்ல. அது தன் பெண்மையோடு சமாதானமாவதில் போய் முடிகிறது. குஸ்தி புத்ரியின் வழக்கோ தன் மனதோடு அல்ல, அரசோடு.

சட்டகத்தின் ஆதரவாளர்களிடம் ஒரு பதில் உண்டு. ‘திரும்ப மறுத்தல்’ என்பதும் கேம்பலின் 17 படிகளில் ஒன்று. மலையிலேயே தங்கிவிடும் இளவரசி அந்தப் படியில் நிற்கிறாள் என்பார்கள். ஆனால் கேம்பல் சொன்ன நாயகன் வரம் பெற்றபின் அதை ஊருக்குக் கொண்டுபோக மறுப்பவன். இவளுக்கு வரமே கிடைக்கவில்லை. மேலும், பொருந்தினாலும் சான்று, பொருந்தாவிட்டாலும் சான்று என்றால் அந்தக் கோட்பாட்டை எப்படித்தான் சோதிப்பது? விளாதிமிர் புரோப் 1928-இல் ரஷ்ய மாயக்கதைகள் நூறளவில் எடுத்து 31 செயல்களைக் கண்டபோது, தம் முடிவை அந்தக் கதை வகையோடு நிறுத்திக்கொண்டார். கேம்பலுக்கு எல்லையே இல்லை. எல்லை இல்லாததால்தான் ‘திரும்பாத கதை குறைக் கதை’ என்ற எண்ணம் வேர்விட்டது. ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்து இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஜொகூர் முழுக்க இருக்கிறார்கள். திரும்பிப் போகாத பயணத்தைக் குறைப்பயணம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இசை நாடக மரபும் ஒப்புக்கொள்ளவில்லை. 1964-இன் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ நாடகத்தில் நாயகன் டெவியே ஊரை விட்டுப் புறப்படுவதே கடைசிக் காட்சியில். 1979-இன் ‘ஸ்வீனி டாட்’ தொடங்குவதே நாயகன் திரும்பி வருவதில்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. இந்த வட்டத்துக்குக் காது இல்லை. 2004 திரைப்படத்துக்கும் 2006 இசை நாடகத்துக்கும் தனித்தனியே வட்டம் வரைந்தால் ஏறக்குறைய ஒரே படம்தான் கிடைக்கும். அப்படியானால் பாட்டும் நடனமும் சேர்ந்திசையும் எதற்கு? வட்டத்துக்குள் போவது கதைச்சுருக்கம் மட்டுமே. பாட்டு வரும்போது கதை நின்றுவிடுகிறது. ஓர் உணர்ச்சி விரிகிறது. முதல் பாதியில் ஏக்கமாக ஒலித்த மெட்டு பிற்பாதியில் இழப்பாகத் திரும்புகிறது. ‘வள்ளி திருமணம்’ பார்க்க விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். நாரதரோடும் வேடனோடும் வள்ளி நடத்தும் தர்க்கத்தைக் கேட்கத்தான் அவர்கள் வந்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட அவள் எப்படி மடக்குவாள் என்பதே அந்த மேடையின் விறுவிறுப்பு. குஸ்தி புத்ரி நிபந்தனை வைக்கும் காட்சியும் அடிப்படையில் ஒரு தர்க்கம். பார்வையாளர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. அதை எந்தக் குரலில், யாரைப் பார்த்து, எவ்வளவு மெதுவாகச் சொல்கிறாள் என்பதில்தான் நாடகம் நிற்கிறது.

ஆகவே வட்டத்தைக் குப்பையில் போட வேண்டும் என்பதல்ல என் வாதம். பயிலும் மாணவருக்கு அது முதல் வாரத்துக்கான கருவி. ஒரே நாடகத்துக்கு மூன்று பேரை நடுவில் வைத்து மூன்று வட்டம் வரையச் சொல்லலாம். கதை யார் பக்கம் சாய்கிறது என்பது வெளிச்சமாகும். மூலத்துக்கும் தழுவலுக்கும் தனித்தனியே வரைந்து, எது கூடியது, எது குறைந்தது என்று கணக்கெடுக்கலாம். அதன்பின் பொருந்தாத இடங்களை அடிக்கோடிட்டு, கட்டுரையை அங்கிருந்து தொடங்க வேண்டும். பொருந்திய இடங்கள் எல்லாக் கதைக்கும் பொது. பொருந்தாத இடம் அந்தக் கதைக்கே உரியது. பிறகு வட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும்.

மதிப்பெண் போடும் அளவுகோலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த அளவுகோலின்படி ‘புத்ரி குனோங் லேடாங்’ மூன்று தோல்விகளின் கதை: காதலியை அடையாத வீரன், மனைவியை அடையாத அரசன், வரம் பெறாத இளவரசி. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு. மறுக்கவும் உரிமை இல்லாத ஒரு பெண், கேட்டவனின் பேராசையையே எடுத்து அவனுக்கு விலையாகச் சொல்கிறாள். அதற்கு அவள் எந்தப் பயணமும் போக வேண்டியிருக்கவில்லை.