கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே

பக்கவாதம் வந்து படுத்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டும் ஸ்கேன் படமும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது எப்படி என்பது அந்தக் காகிதங்களில் இருப்பதில்லை. தென்காசி மாவட்டம் மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக் கரிசல் கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு இது சின்ன விஷயமல்ல. அவசரத்துக்குச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நோய் பெரிதென்றால் தென்காசி, அதையும் தாண்டினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. ஒருமுறை வீடு திரும்பிவிட்டால், நோயாளியைத் தூக்கத் தெரியவில்லை என்று அங்கே திரும்பப் போய்க் கேட்க யாராலும் முடியாது. நடைக்கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை வாக்கர் கொடுத்தார்கள், எத்தனை சக்கர நாற்காலி வந்தது என்று பொருளையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். விழாமல் நோயாளியை நடத்துவது கூட இருப்பவரின் கை. அது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் இவர்களில் ஒருத்தியின் கை. தமிழ்நாட்டையும் இலங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் அந்தக் கைக்குப் பயிற்சி கிடைப்பது அபூர்வம். ஆனால் கிடைக்காமல் போகும் விதம் வேறு வேறு. திருத்திக்கொள்ளும் வழி தமிழ்நாட்டுக்குத்தான் அருகில் இருக்கிறது என்பது என் கட்சி.

இலங்கையின் அரசு வைத்தியசாலைகளில் பார்வையாளர் நேரம் கண்டிப்பானது. மதியம் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மணி முடிந்தால் உறவினர் வெளியே போக வேண்டும். குழந்தைகள் விடுதியில் தாய் தங்கலாம், நிலைமை மோசமானவருக்கு அனுமதி பெற்று ஒருவர் நிற்கலாம். மற்றபடி நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும் கழிவறைக்குக் கூட்டிப் போவதும் தாதியரும் சிற்றூழியரும் செய்யும் வேலை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இது தலைகீழ். துணைக்கு ஆள் இல்லாமல் ஒருவரைச் சேர்ப்பதே கஷ்டம். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பான் வைப்பது, இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து முழித்துக் கிடப்பது எல்லாம் துணைக்கு வந்தவர் பாடு. இலங்கை முறையில் ஒழுங்கு இருக்கிறது, வார்டு சுத்தமாக இருக்கிறது, நோயாளியைத் தொடுவது வேலை தெரிந்தவரின் கை. ஆனால் வீட்டுக்குப் போகும் நாளில் மகள் தகப்பனை முதன்முறையாகத் தாங்கிப் பிடிக்கிறாள். தமிழ்நாட்டு முறையில் அவள் பத்து நாளாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், தப்பாக. பக்கத்திலேயே செவிலியர் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் வந்து போகிறார். துணைக்கு வந்தவரைக் கூட்டமாகப் பார்க்கிறார்களே தவிர மாணவியாகப் பார்ப்பதில்லை.

தப்பு என்று எதைச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் வாதத்தில் விழுந்தவரை எழுப்ப நம் ஊரில் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவார்கள். அவசரத்தில் வலது கையையே பிடித்து இழுப்பதும் உண்டு. வாதம் வந்த பக்கத்துத் தோளில் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கிறது. அதன்மேல் நாமும் இழுத்தால் தோள் இறங்கி, மாதக்கணக்கில் வலி நீடிக்கும். செய்ய வேண்டியது இதுதான். நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சாய்வாக, ஒட்டிப் போட வேண்டும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிட வேண்டும். படுத்தவரை உட்கார வைத்ததும் தூக்கக் கூடாது. தலைசுற்றல் அடங்க ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். பிறகு கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, எதிரே நின்று, தளர்ந்த முழங்காலைத் தன் முழங்காலால் அணை கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிய அகலத் துண்டையோ பெல்ட்டையோ பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளி முன்னுக்குக் குனிந்தால் உடம்பு தானாக எழும். சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, நாற்காலி முழங்காலின் பின்பக்கம் தட்டுப்பட்ட பிறகே உட்கார வேண்டும். பார்த்துச் செய்து பழக அரை மணி நேரம் போதும். படித்துத் தெரிந்துகொள்கிற விஷயமல்ல என்பதால்தான் சுவரில் ஒட்டிய படம் இதற்கு உதவுவதில்லை.

கருவிகள் விஷயத்திலும் இதே கதைதான். இந்தியாவில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்காக 2017-இல் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் தொடங்கியது. கைத்தடி, வாக்கர், நான்கு கால் ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் இலவசம். செய்து தருவது 1972-இல் கான்பூரில் தொடங்கிய அலிம்கோ. முதலில் ஒரு முகாமில் அளவெடுக்கிறார்கள், பிறகு இன்னொரு முகாமில் வழங்குகிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அலுமினியக் கைத்தடியில் உயரம் மாற்றுவதற்கென்று வரிசையாகத் துளைகளும் அமுக்கும் பொத்தானும் இருக்கின்றன. வீட்டில் போய்ப் பார்த்தால் பாதித் தடிகள் பெட்டியிலிருந்து வந்த உயரத்திலேயே நிற்கின்றன. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடங்க வேண்டும். தடியை நல்ல காலின் பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. வலிக்கிற கால் பக்கமே ஊன்றுகிறார்கள். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கும். நான்கு கால் வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கவிழும். நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து, பிறகு வாக்கருக்குக் கையை மாற்ற வேண்டும். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனைக்கும் தடி காரணமில்லை. தடி கொடுத்துவிட்டதாலேயே விழுவது நிற்காது என்பதுதான் செய்தி.

பொருளோடு பழக்கமும் சேர்ந்து போன உதாரணம் இரண்டு நாட்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், குந்தி உட்காரவும் சம்மணம் போடவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் ஏற்றது. போர்க்காலத்தில், 1987-இல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. செயற்கைக் காலை மேடையில் வைத்துக் கையில் கொடுத்துவிட முடியாது. காலின் அடிக்கட்டைக்கு அச்செடுத்து, பொருத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க வைத்து, உரசும் இடத்தைச் செதுக்கி, மறுபடியும் நடக்க வைத்தால்தான் அது கால். வாக்கருக்கும் கைத்தடிக்கும் இந்த நியாயம் மறுக்கப்படுவது அவை விலை குறைந்தவை என்பதால்தான். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் சக்கர நாற்காலிகள் படம் எடுத்து வழங்கப்படுகின்றன. மணல் ஒழுங்கையில் அந்தச் சின்ன முன்சக்கரம் புதையுமா என்று யாரும் கேட்பதில்லை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அதையே நிலைப்படியும் மழைக்காலக் கரிசலும் செய்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வழி அருகில் இருக்கிறது என்றேனே, அதற்குக் காரணம் இரண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே அனுப்புகிறது. நிலைப்படியின் உயரம், கயிற்றுக் கட்டிலின் பள்ளம், முற்றத்துக்கு அப்பாலிருக்கும் கழிவறை எல்லாவற்றையும் வீட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, இதே தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-இல் கடற்படை ஆள்தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு அங்கே நடக்கிறது. தண்டுவட நோயாளியின் மறுவாழ்வில் பாதி, கூட இருப்பவர் புரட்டவும் இடம் மாற்றவும் பழகுவதுதான். அரசு வார்டு அந்தப் பாடத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

துணைக்கு வருபவர்களை ஊக்குவித்தால் கூட்டம் கூடும், தொற்று பரவும் என்பார்கள். நியாயம்தான், இலங்கையின் கண்டிப்புக்கு அதுதான் அடிப்படை. கட்டிலுக்கு ஒருவர் என்று வைத்து, அந்த ஒருவருக்கே கற்றுக்கொடுப்பது கூட்டத்தைக் குறைக்கவே செய்யும். செவிலியருக்கு நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. தெரியாமல் தூக்கிய நோயாளி கீழே விழுந்தால் செலவாகும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அரை மணி அதிகமில்லை. கடினமான எதிர்வாதம் வேறொன்று: மருமகளுக்குப் பயிற்சி கொடுப்பது, ஊழியரை நியமிக்காத அரசுக்குச் சாக்காகிவிடாதா? ஆகும், பார்த்துக்கொள்ளாவிட்டால். இந்த இடத்தில் இலங்கையை நான் மெச்சுகிறேன்: நோயாளியைத் தூக்குவது சம்பளம் வாங்குபவரின் வேலை என்று அங்கே ஒரு கோடு இருக்கிறது, தமிழ்நாட்டில் அந்தக் கோடே அழிந்துவிட்டது. வார்டுக்குள் அந்த வேலை ஊழியரிடமே திரும்ப வேண்டும். ஆனால் வீட்டில் எந்த நாட்டிலும் சிற்றூழியர் வரப்போவதில்லை. பீடி சுற்றி முடித்து வரும் பெண்தான் மாமனாரைத் தூக்குவாள், தெரியாமல் தூக்கி அவள் இடுப்பும் போகும். எனவே கேட்பது இவ்வளவுதான்: வீட்டுக்கு அனுப்பும் முன்பு பிசியோதெரபிஸ்ட் கண்முன்னே அவள் ஒருமுறை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டட்டும், டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கொரு கட்டம் இருக்கட்டும், அந்த வாரத்துக்குள் வட்டாரப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரட்டும். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ என்றால், கடைசி இரண்டு நாள் மட்டும் பார்வையாளர் மணிக்குப் பிறகும் மகளை உள்ளே இருக்க விட்டால் போதும்.