583 அடியும் ஒரு சரியான விடையும்

மலைபடுகடாம் எத்தனை அடி? 583. பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன், கூத்தராற்றுப்படை என்றும் பெயர். தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்குப் படிக்கும் தமிழ் எம்.ஏ. மாணவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அந்த நன்னனின் ஊர் இன்றைய செங்கம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது.

அடி அண்ணாமலைப் பெண் ஒருத்தி அந்தக் கற்களின் வட்டெழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கப் பழகிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் விண்ணப்பித்தால், நெட் தரும் நான்கு விடைகளில் எதைத் தேர்ந்தால் அந்தப் பழக்கம் வெளியே தெரியும்?

இந்தக் கேள்வி 2024 மார்ச்சிலிருந்து கனமாகிவிட்டது. நெட் மதிப்பெண்ணைக் கொண்டே ஆய்வுக்குச் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைக்காதவர்களுக்கு அந்த மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. நெட்டுக்கு மொத்தம் 300 மதிப்பெண், 150 வினாக்கள், மூன்று மணி நேரம். ஒரு பத்திகூட எழுத வேண்டியதில்லை. ஆய்வு என்பதோ எழுத்துதான்.

இதைவிட என்னை உறுத்துவது எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாள். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழிலக்கியத்தில் ஆய்வு செய்யப் போகிறவரின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை வேறொரு மொழி தீர்மானிக்கிறது. தமிழ்வழியில் வரலாறு படித்தவர் நிலை இன்னும் மோசம். அவருக்குப் பாடத்துக்கான இரண்டாம் தாளும் அப்படித்தான்.

அதற்காகத் தேர்வைத் தூக்கியெறிந்துவிட்டு நேர்காணலை நம்பச் சொன்னால் நான் உடன்பட மாட்டேன். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016-இல் சேர்க்கைத் தரவுகளை ஆராய்ந்தது. ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் எழுத்துத் தேர்வில் பெற்றதற்கும் நேர்காணலில் பெற்றதற்கும் தொடர்ந்து இடைவெளி இருப்பதைக் கண்டு, நேர்காணலின் பங்கை 30-இலிருந்து 15 ஆகக் குறைக்கச் சொன்னது. எந்த ஊர், எந்தக் கல்லூரி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கும் அறையைக் காட்டிலும் கணினி நியாயமானது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த மதிப்பெண் ஒரு கவசம். அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் முகம் பார்க்காத தேர்வு என்றால் அது கொள்குறி வினாவாகத்தான் இருக்க வேண்டுமா? நெட்டிலேயே மூன்றாம் தாள் விரிவாக எழுதும் தாளாக இருந்தது. 2012 ஜூனில் அதையும் கொள்குறி ஆக்கினார்கள். 2018-இல் அந்தத் தாளே போய்விட்டது. லட்சக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துவது எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதனால் நெட் முதல் வடிகட்டியாக மட்டும் இருக்கட்டும், முதல் தாள் தமிழிலும் வரட்டும். தேறியவர்களில் தங்களிடம் விண்ணப்பிப்பவர்களுக்குப் பல்கலைக்கழகத் துறையே ஓர் எழுத்துத் தாள் வைக்கலாம். மலைபடுகடாத்தில் இருபது அடியைக் கொடுத்து, அல்லது ஒரு நடுகல்லின் படியைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் எழுதச் சொல்லலாம். திருத்துபவருக்குப் பெயரும் ஊரும் தெரியக் கூடாது. ஒரு துறைக்கு நூறு தாள் வந்தாலும், மூன்று ஆசிரியர்கள் சில நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.